தேவாங்கு எழுப்பிய கேள்வி

குமரி முனையில் நின்று தெற்கே பார்த்திருப்பீர்கள். அக்கடலடியில் லெமூரியாக் கண்டம் மூழ்கிக் கிடப்பதாகவும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் ஒரு விலங்கிலிருந்து வந்தது தெரியுமா?

நம் குமரி மாவட்டக் காடுகளில் தேவாங்கு உண்டு. இரவில் விழித்துப் பூச்சி தேடும் உருண்டைக் கண் பிராணி. அதன் உறவினமாகிய லெமூர்கள் மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. உறவுள்ள உயிர்களுக்குப் பொது மூதாதை உண்டு என்ற கருத்து, டார்வினின் நூல் 1859இல் வெளிவந்தபின் வலுப்பெற்றது. அப்படியானால் நடுவே இவ்வளவு பெரிய கடலை அவை கடந்தது எப்படி? இடையிலிருந்த நிலம் மூழ்கியிருக்க வேண்டும் என்று 1864இல் ஊகித்தார் ஆங்கிலேய விலங்கியலார் ஸ்கிளேட்டர். அதற்கு லெமூரியா என்று பெயரும் சூட்டினார். (நம் பழைய நூல்கள் கூறும் கடல்கோள் வேறு செய்தி, இதனுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

கண்டங்களே நகர்கின்றன என்று 1912இல் வெகனர் கூறினார். நகர்த்தும் விசை எது என்று அவரால் விளக்க முடியவில்லை. பலர் ஏற்க மறுத்தனர். கடல் தளத்தை ஆராய்ந்தபோது, 1960களில்தான் சான்றுகள் குவிந்தன. ஒட்டியிருந்த இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. மூழ்கிய கண்டம் தேவையற்றுப் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், லெமூர்களுக்கு இந்த விளக்கமும் பொருந்தவில்லை! அவற்றின் முன்னோர் அப்பிரிவுக்கு வெகுகாலம் பின்னரே, மிதந்து வந்த மரங்களைத் தொற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவிலிருந்து மடகாஸ்கர் சேர்ந்திருக்கலாம் என்பதே இன்று பலர் ஏற்கும் கருத்து.

நகர்ந்த நிலத்தோடு பயணம் செய்த பிராணி வேறு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே, கேரளத்தின் இடுக்கியில் கிடைத்த ஊதாநிறத் தவளை அது. 2003இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் நெருங்கிய உறவினங்கள் கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. ஸ்கிளேட்டர் அதை அறிய வழியில்லை. ஆண்டு முழுவதும் மண்ணுக்கடியில் கிடந்து, பருவமழையின்போது சில நாட்கள் மட்டுமே அது வெளியே வருகிறது.