அவித்த மல்லாட்டை: ஓர் அறிவியல் பார்வை



இந்த மலரில் இயந்திரங்களைப் பற்றியும் கணிப்பொறியைப் பற்றியும் பலர் எழுதியிருப்பார்கள். நான் அடுப்பில் வேகும் ஒரு தின்பண்டத்தைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்! இதிலும் நாம் படிக்கும் பாடம் இருக்கிறது.

வேர்க்கடலை, நிலக்கடலை, கடலைக்காய் என்று ஊருக்கு ஒரு பெயர். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை பக்கத்தில் நாங்கள் சொல்வது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பது பேச்சில் தேய்ந்து அப்படி ஆனது என்பார்கள். இதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா. ஆனால் இன்று எங்கள் மண்ணின் பயிராகவே ஆகிவிட்டது. டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்கள் திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்தவை.

என் அம்மா மல்லாட்டை பிடுங்கவும் காய் ஆயவும் கூலிக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அவித்த மல்லாட்டைக்கு அளவு கேட்டால் அம்மா, "காய் மூழ்கத் தண்ணி ஊத்து, ரெண்டு கை உப்பு போடு, வெந்தா வாசனை சொல்லும்" என்பார். அந்தக் கைப்பிடியைத் தராசில் போட்டுப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். மல்லாட்டைச் செடி பூப்பது மண்ணுக்கு மேலே. பூ கருவுற்ற பிறகு ஊசி போன்ற ஒரு விழுது கீழே இறங்கி, மண்ணுக்குள் போய்க் காயாகிறது. விதைத்த 40 முதல் 45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பது ஏன் தெரியுமா? வளரும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாக வாங்குவதில்லை; பெரும்பாலும் தன் தோடு வழியாகவே மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. ஆக, தோடு என்பது மூடி போட்ட டப்பா அல்ல. நீரும் உப்பும் அதற்குள் போகும். உப்புத் தண்ணீரில் முழுக் காயாக அவிக்க முடிவது அதனால்தான்.

இனி செய்முறை.

1. அன்றோ முதல் நாளோ பிடுங்கிய பச்சைக் காய் 1 கிலோ எடுங்கள். மண் போக மூன்று நான்கு தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

2. இரண்டரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கல் உப்பு போடுங்கள். அம்மாவின் இரண்டு கை உப்பு ஏறக்குறைய இவ்வளவுதான்.

3. காய் மிதக்கும். ஒரு தட்டைக் கவிழ்த்து அழுத்தி, பாத்திரத்தை மூடிக் கொதிக்க விடுங்கள். கொதி வந்தபின் 35 முதல் 45 நிமிடம் வேக வேண்டும். ஒரு காயை உடைத்துப் பருப்பை நசுக்கினால் மாவாக நசுங்க வேண்டும்.

4. குக்கர் என்றால் நான்கைந்து விசில் போதும். உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரிக்கு ஏறுகிறது, நேரம் மிச்சம். ஆவி தானாக அடங்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

5. காய்ந்த காயாக இருந்தால் முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும். அதற்கு விசிலும் கூட வேண்டும்.

6. அடுப்பை அணைத்தவுடன் வடிக்காதீர்கள்! அதே உப்புத் தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கிடக்கட்டும்.

பலர் அவசரப்படுவது இந்தக் கடைசிப் படியில்தான். கொதிக்கும்போது தோட்டுக்குள் இருப்பது சூடான காற்றும் நீராவியும். ஆறும்போது காற்று சுருங்குகிறது, ஆவி நீராகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் உப்புத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. நாம் வகுப்பில் படித்த வாயு விதி மல்லாட்டைக்குள்ளும் வேலை செய்கிறது!

ஜப்பானிலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு. பச்சை சோயா மொச்சையைத் தோலோடு உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போல் வேக வைத்து, பருப்பை மட்டும் வாயில் பிதுக்கித் தின்பார்கள். பெயர் எடமாமே, கிளைப் பயறு என்று பொருள். உப்பு ஏறுவதற்காகக் காயின் இரண்டு முனையையும் வெட்டி விடுவதும் உண்டு. நாடு வேறு, யோசனை ஒன்றே.

சத்து என்று பார்த்தால், அவித்த பருப்பு 100 கிராமில் புரதம் சுமார் 13 கிராம். பாக்கெட் தின்பண்டம் வாங்கும் காசுக்கு இதைவிட எது வயிற்றைத் தாங்கும்? ஆனால் மல்லாட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. அவித்ததை அன்றே தின்று தீர்த்துவிட வேண்டும். ஈரம் இருப்பதால் மறுநாள் ஊசிப் போகும்.

கடைசியாக ஒன்று. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சை நஞ்சு இருந்ததைப் பின்னர் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் அஃப்ளாடாக்சின். ஈரத்தோடு குவித்து வைத்த காயில் பூஞ்சை பிடித்தால் அது உண்டாகும். அந்த நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். நாள்பட்டால் புற்றுநோய்வரை கொண்டுபோகும். தண்ணீரில் கொதிக்க வைத்தால் அது அழிந்துவிடாது.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் நல்ல காய் மண்டிக்குப் போகும். பொறுக்கித் தள்ளிய சொத்தையும் சுருங்கலும் வீட்டு அடுப்புக்கு வரும். பயிர் செய்தவனும் கூலிக்குப் பிடுங்கியவளும் தின்பது கழிவைத்தான். "அவிச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்பார்கள். போகாது! பூஞ்சை பூத்தது, கறுத்தது, சுருங்கியது, கசப்பது எதையும் தின்னாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். வைத்திருக்கும் காயை, உலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆடும்வரை நன்றாகக் காய வையுங்கள்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனால் இதை வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். நம் படிப்பு முதலில் நம் வீட்டு அடுப்புக்குப் பயன்படட்டும். மூட்டையைத் தைப்பதற்கு முன்னால், நல்ல காயில் நாலு படி வீட்டுக்கென்று எடுத்து வையுங்கள்!

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு