குட்டை ஸ்பிரிங் போட்டுத் தாழ்த்திய கார் ஏன் துள்ளுகிறது?

1989-இல் அறிமுகமான மஸ்டா மியாட்டா ஏற்கெனவே தாழ்வான கார். அதையும் இன்னும் 3 சென்டிமீட்டர் இறக்கச் சிலர் ஆசைப்படுகிறார்கள். குட்டை ஸ்பிரிங் போட்டதும் கார் தூக்கிப்போடுகிறது. ஏன்?

ஊஞ்சலைத் தள்ளிவிடுங்கள். ஆடிக்கொண்டே இருக்கும், காலைத் தரையில் தேய்த்தால்தான் அடங்கும். ஸ்பிரிங்தான் ஊஞ்சல், ஷாக் அப்சார்பர்தான் தேய்க்கும் கால். அதனுள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது.

கார் இறங்கினால் சக்கரம் மேலேற இடம் குறையும். அதை ஈடுகட்டவே குட்டை ஸ்பிரிங்கை விறைப்பாகச் செய்கிறார்கள். விறைப்பு கூடினால் அது திருப்பி உதைக்கும் வேகமும் கூடும். பழைய ஷாக்குக்கு அடங்காது. இருக்கும் இடமும் தீர்ந்தால் ரப்பர் தடுப்பில் 'டமால்'! மியாட்டாவில் அந்த இடமே சொற்பம்.

ஆகவே ஸ்பிரிங்கின் விறைப்புக்குப் பொருந்தும் ஷாக்கையும் சேர்த்தே வாங்குங்கள். அடக்கும் வலுவைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.