சானியா மிர்சா: இரட்டையர் ஆட்டத்தில் உலக முதலிடம்

கோவையில் பிறந்த டென்னிஸ் வீராங்கனை நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பன் ஒற்றையரில் முதல் சுற்றை வென்றதே அன்று பெரிய செய்தி. ஐந்து ஆண்டு கழித்து, ஹைதராபாத்தில் வளர்ந்த சானியா மிர்சா ரஷ்யாவின் அலிசா கிளெய்பனோவாவுடன் விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டம் வென்றார்.

ஒற்றையர் தரவரிசையில் 2007இல் 27ஆம் இடம்வரை ஏறினார். மணிக்கட்டும் முழங்காலும் தொல்லை கொடுக்க, 2013இல் ஒற்றையரைக் கைவிட்டார். அவருடைய பெரிய காலம் அதற்குப் பிறகுதான் வந்தது.

2015 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்தார். பின்கோட்டிலிருந்து சானியாவின் இடிபோன்ற ஃபோர்ஹேண்ட். வலையருகே ஹிங்கிஸின் கூர்மை. சேர்ந்து ஆடிய முதல் மூன்று போட்டிகளிலும் பட்டம்! ஏப்ரல் 13 அன்று சானியா இரட்டையர் தரவரிசையில் உலக முதலிடம் பெற்றார். அதை எட்டிய முதல் இந்தியப் பெண் அவரே.

அந்த ஜூலையில் விம்பிள்டன் இறுதியாட்டம். எதிரே ரஷ்யாவின் மகரோவா, வெஸ்னினா. கடைசி செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்த இணை, அடுத்த ஐந்து கேம்களையும் வென்றது: 5-7, 7-6, 7-5. இருட்டியதால் இடையில் கூரையை மூடி விளக்கு போட்டார்கள். தொடர்ந்து அமெரிக்க ஓப்பன், 2016 ஆஸ்திரேலிய ஓப்பன், தொடர்ச்சியாக 41 வெற்றிகள்.

கலப்பு இரட்டையரிலும் மூன்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் உண்டு. இரண்டு மகேஷ் பூபதியுடன், ஒன்று பிரேசிலின் புருனோ சோரஸுடன். 2018இல் தாயானவர், 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் களம் திரும்பி, வந்த முதல் போட்டியிலேயே இரட்டையர் பட்டம் வென்றார். 2023 பிப்ரவரியில் துபாயில் ஓய்வு பெற்றார்.