காற்றுக்கெதிரே ஒரு மலைப் பயணம்

சைக்கிள் ஓடுவது எங்களுக்குப் புதிய விடயமல்ல. எரிபொருள் இல்லாதிருந்த 1990களில் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. நோயாளி, நெல் மூட்டை, விறகு, இரண்டு பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மிதித்தவர்கள் நாங்கள். ஆனால் ஒரு அலுவலும் இல்லாமல் மலை ஏறுவதற்கென்றே ஒருவர் சைக்கிளில் போவார் என்பது ஸ்கொட்லாந்துக்கு வந்த பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. தொலைபேசியில் சின்னம்மாவிடம் சொன்னபோது, "மலைக்குச் சைக்கிளிலோ? உனக்கென்ன விசரோ பிள்ளை?" என்று கேட்டார்.

போவதென்று முடிவெடுத்த மலையின் பெயர் பென் ஆல்டர். ஸ்கொட்லாந்தின் நடுப்பகுதியில், 1148 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் பிதுருதலாகலையின் பாதி உயரமும் இல்லை. ஆனால் அந்த மலைக்குத் தெருப் போவதில்லை. நாங்கள் தெரிவுசெய்த ரயில் நிலையம் டல்வின்னி. அங்கிருந்து மலையடிவாரத்துக்குப் பதினைந்து பதினாறு கிலோமீற்றர் தூரம், வழியில் கடையோ ஊரோ கிடையாது. நடந்து போனால் போய்வருவதற்கே அரைநாளுக்கு மேல் தேவை, ஏறுவதற்கு நேரம் மிஞ்சாது. ஆகவேதான் சைக்கிள்.

மலைச் சைக்கிள் என்பது நாங்கள் ஓடிய லுமாலா போன்றதல்ல. ரயர் தடிப்பானது, பூக்கள் ஆழமானவை. முன் போர்க்கில் அதிர்வைத் தாங்கும் அமைப்பு உண்டு. பல கியர்கள் இருக்கும். ஆகச் சிறிய கியரில் போட்டால் கால் சுற்றிக்கொண்டே இருக்கும், சைக்கிள் நடைவேகத்தில் ஏறும். ஆனால் ரியூப்பில் காற்றுப் போனால் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான். இடையில் ஒன்று சொல்லவேண்டும். காற்றடைத்த ரயரைச் செய்து 1888இல் உரிமம் எடுத்த ஜோன் பொய்ட் டன்லப் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். அயர்லாந்தில் மிருக வைத்தியராக இருந்தபோது தன் மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்காக அதைச் செய்தார். டன்லப் என்ற பெயரை ரயரில் வாசித்து வளர்ந்த எங்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்?

என்னோடு வந்தவர் என்னுடன் வேலை செய்யும் தோழி. ஐம்பத்தெட்டு வயது. மலை ஏறிப் பழகியவர். மூன்று கிழமைக்கு முன்னரே மேசையில் வரைபடத்தை விரித்துவிட்டார். அதில் இரண்டு சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் ஒரு கிலோமீற்றர். மண்ணிற மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றும் பத்து மீற்றர் உயரத்தைக் குறிக்கும். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு. இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் ஒரு மலையைப் போய்ப் பார்க்காமலே அதன் முதுகையும் முகத்தையும் அறிந்துகொள்ளலாம். பென் ஆல்டரின் கிழக்குப் பக்கத்தில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பாறை விளிம்பு. கோடை தொடங்கும்வரை அங்கே பனி தங்கி, விளிம்புக்கு வெளியேயும் நீண்டு நிற்குமாம். நிலமென்று நினைத்துக் கால் வைக்கக்கூடாது.

நேரத்தைக் கணிப்பதற்கு வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி 1892இல் ஒரு விதி சொல்லியிருக்கிறார். ஐந்து கிலோமீற்றர் நடைக்கு ஒரு மணித்தியாலம், அறுநூறு மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணித்தியாலம். சைக்கிளை விடும் இடத்திலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர், ஏற்றம் அறுநூற்றைம்பது மீற்றர். இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட வந்தது. சைக்கிளோட்டம் இரண்டு மணித்தியாலம். ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் உச்சி. எங்கே நின்றாலும் இரண்டு மணிக்குத் திரும்புவதென்று தோழி சிவப்புப் பேனையால் எழுதினார்.

பையில் வைத்தவை: மழை அங்கி, கம்பளிச் சட்டை, வரைபடம், திசைகாட்டி, தலைவிளக்கு, விசில், இரண்டு ரியூப், பம், செயின் கருவி, பாணும் சீஸும், இரண்டு போத்தல் தண்ணீர். விசில் எதற்கென்று கேட்டேன். ஆபத்தென்றால் ஒரு நிமிடத்துக்கு ஆறு தரம் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதவேண்டும். அங்கே பெரும்பாலும் தொலைபேசி எடுக்காது. தேடி வருபவர்கள் மலை மீட்புத் தொண்டர்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை.

பிறகு அந்தக் கடதாசி. யார் யார் போகிறோம், எந்த வழியால் போகிறோம், எந்த வழியால் வருவோம், எத்தனை மணிக்குள் தொலைபேசி எடுப்போம், எடுக்காவிட்டால் எத்தனை மணிக்குப் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும் என்பவற்றை எழுதி, தோழியின் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுக்கவேண்டும். ஏழு மணி, ஒன்பது மணி என்று எழுதினோம். எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது. என் அண்ணா போனபோது எந்தப் பாதையால் போனார், யாரோடு போனார் என்று ஒரு வரியும் இல்லை. எழுதி வைக்க அப்போது நேரமும் இருக்கவில்லை. அம்மா கடைசிவரை பாதையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இதைத் தோழியிடம் நான் சொல்லவில்லை. கடதாசியை மட்டும் பெரிய எழுத்தில் வடிவாக எழுதிக் கொடுத்தேன்.

யாருடைய காணி?

மலையும் காடும் பெரும் பண்ணைக்காரர்களுக்குச் சொந்தம். உள்ளே போக யாரிடம் பாஸ் எடுக்கவேண்டும் என்று நான் முதலில் கேட்டது எங்கள் பழக்கதோஷம். ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் 2003இல் நிறைவேற்றிய காணிச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களூடாக நடந்தோ சைக்கிளிலோ போகலாம். இயந்திர வாகனத்துக்கு அந்த உரிமை இல்லை. படலையைத் திறந்தால் பூட்டவேண்டும், மான் வேட்டை நடக்கும் இலையுதிர் காலத்தில் விசாரித்துப் போகவேண்டும், சேற்றுப் பாதையை ரயரால் உழக்கூடாது.

பெண்களுக்கு மலை சும்மா கிடைத்துவிடவில்லை. 1889இல் தொடங்கிய ஸ்கொட்லாந்து மலையேறிகள் சங்கம் பெண்களைச் சேர்க்கவில்லை. அதனால் ஜேன் இங்கிலிஸ் கிளார்க், அவரது மகள் மேபல், லூசி சிமித் என்ற மூவரும் 1908இல் பெண்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். பழைய சங்கம் பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1990இல்! எண்பத்திரண்டு வருடங்கள்.

இந்த மலைக்கு ஒரு யுத்தக் கதையும் உண்டு. 1746 ஏப்ரலில் கலோடன் போரில் தோற்ற இளவரசர் சார்ள்ஸ் எட்வர்ட், தன் தலைக்கு முப்பதாயிரம் பவுண் விலை வைக்கப்பட்டிருந்த நிலையில், அந்தச் செப்டெம்பரில் சில நாட்கள் பென் ஆல்டரின் சரிவில் குலத்தலைவர் குளூனி மக்பர்சனோடு ஒளிந்திருந்தார். பிறகு பிரெஞ்சுக் கப்பலேறித் தப்பிவிட்டார். இளவரசரைப் பற்றி எழுதாத ஆளில்லை. எனக்கு நினைவில் நிற்பது குளூனியின் மனைவி ஜேனற். அவரது வீட்டை அரச படை எரித்தது. தகப்பனாரை 1747இல் இலண்டனில் தலை வெட்டினார்கள். கணவர் ஒன்பது வருடம் ஒளிந்திருந்தார். வீடில்லாத அந்தப் பெண் தானியம் உலர்த்தும் சூளையொன்றில் பிள்ளை பெற்றார். அந்தப் பிள்ளையைச் சூளை டங்கன் என்றே ஊர் அழைத்தது. பறித்த காணி 1784இல்தான் அவனிடம் திரும்பி வந்தது. இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபத்திலும் மரத்தின் கீழும் பிள்ளை பெற்றவர்கள் இதை வாசிப்பீர்கள் என்று நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

யூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் டல்வின்னியில் இறங்கினோம். பாதை எரிக்ட் ஏரிக்கரையோடு போகிறது. ஏரி இருபது கிலோமீற்றருக்கும் கூடிய நீளம், தென்மேற்கு நோக்கிக் கிடக்கிறது. ஸ்கொட்லாந்தில் காற்றும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வரும். நெய்ஸ்மித்தின் விதியில் காற்றுக்கு இடமில்லை. மட்டமான சரளைப் பாதையில் மலையேறுவதுபோல மிதித்தோம். ஏறத்தாழப் பத்தாவது கிலோமீற்றரில் மாளிகை போன்ற வேட்டைவிடுதி ஒன்று வந்தது. அதன் பிறகு பாதை ஏரியை விட்டு விலகி மேட்டில் ஏறியது. மரங்கள் முடிந்தன. பற்றக் என்ற சிறிய ஏரி, சுற்றிவரச் சதுப்பு, ஒரு மனிதரும் இல்லை. ஒரு காலத்தில் ஸ்கொட்லாந்து மேட்டுநிலப் பள்ளத்தாக்குகள் பலவற்றில் ஊர்கள் இருந்தன. பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் செம்மறியாட்டுக்காகக் குடியானவர்களைக் காணிக்காரர் எழுப்பினார்கள். வெறுமையை அழகென்று படம் எடுப்பவர்கள் இதையும் அறிந்திருக்கவேண்டும்.

அங்கேதான் எனது பின் ரயரில் காற்றுப் போனது. நின்ற உடனேயே மிஜ் என்ற நுளம்பிலும் சிறிய பூச்சிகள் கூட்டமாக முகத்தை மொய்த்துவிட்டன. புதிய ரியூப்பைப் போட முதல், பழைய பழக்கத்தில் ரயருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். கூரான கற்சில் ஒன்று குத்திக்கொண்டு நின்றது. அதை எடுக்காமல் மாற்றியிருந்தால் இரண்டாவது ரியூப்பும் போயிருக்கும். தோழி என்னை மரியாதையோடு பார்த்தார். மலையில் அவர் எனக்கு ஆசிரியர், ரயரில் நான் அவருக்கு.

அடிவாரத்தில் சைக்கிள்களைப் பற்றைக்குள் படுத்தியபோது பன்னிரண்டேகால். திட்டத்தைவிட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திவிட்டோம். நீள லீக்கஸ் என்ற முகட்டால் ஏறினோம். சில இடங்களில் கையும் ஊன்றவேண்டும். ஆயிரம் மீற்றரைக் கடந்து மேலே வந்தபோது மலை முடியவில்லை, அகன்ற வெளியாக விரிந்தது. முகில் இறங்கியது. பத்து யார் தூரத்தில் நின்ற தோழி நிழலாகத் தெரிந்தார். மணி இரண்டு. உச்சிக்கு இன்னும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். இடப்பக்கம், கண்ணுக்குத் தெரியாமல், வரைபடத்தில் கோடுகள் ஒட்டிக்கிடந்த அந்த விளிம்பு.

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அரை மணித்தியாலம்தானே என்று நான் சொன்னேன். தோழி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ஏழு மணிக்கு ஒருத்தி தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பாள் என்று மட்டும் சொன்னார். திசைகாட்டியை வைத்து, வந்த முகட்டை நோக்கித் திரும்பினோம். முகட்டின் தலை கிடைக்கும்வரை இருபது நிமிடம் நாங்கள் பேசவில்லை.

திரும்பும்போது காற்று முதுகில். காலையில் ஒன்றரை மணித்தியாலம் எடுத்த ஏரிக்கரையை முக்கால் மணித்தியாலத்தில் கடந்தோம். ஆறு நாற்பதுக்கு டல்வின்னியில் தொலைபேசி எடுத்தது. கடதாசியைக் கிழித்துவிடட்டுமா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டார். எனக்குத் தரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா கேட்டார்.

"உச்சியைக் கண்டனியோ?"

"இல்லைச் சின்னம்மா. மேலே முகில்."

"பிறகு?"

"திரும்பி வந்திட்டம்."

சற்று நேரம் சத்தமில்லை. "நல்லது" என்றார். பிறகு, காற்றுப் போன ரியூப்பை எறிந்துவிட்டேனா, ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறேனா என்று கேட்டார்.