நர்சம்மா பேசும் மொழி

திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஒரு பெண் கருவுற்றால், வீட்டாருக்கு அடுத்தபடியாக அதை அறிபவர் பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியர்தான். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒன்று என்பது அவர் பணிபுரியும் துணை சுகாதார நிலையத்துக்கான அளவு. கர்ப்பத்தைப் பதிவு செய்து ‘பிக்மி’ என்னும் பதிவு எண் வாங்கித் தருவது, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, புதன்கிழமை தடுப்பூசி போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. மருமகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாமியார் தயங்கினால், அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று நர்சம்மாவுக்குத் தெரியும். இருவர் பேச்சும் ஒன்று.

பிழைப்புக்காகக் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும்போதுதான் இந்த உறவு அறுந்துபோகிறது. திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், செங்கல் சூளைக்கும், கரும்பு வெட்டுக்கும் ஆண்டுதோறும் போகிறவர்கள் உண்டு. போன இடத்தில் பேச்சு வேறு, தடுப்பூசி அட்டையும் கையில் இருக்காது. குழந்தைக்கு எந்த ஊசி போட்டது, எது பாக்கி என்று சொல்ல ஆளில்லை. தமிழ்நாட்டுக்கு வேலைக்கு வரும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் பாடும் இதுதான். வலி எங்கே, எத்தனை நாளாக என்று சொல்லவும் மேஸ்திரியின் துணை தேவைப்படுகிறது. மாதவிடாய்க் கோளாறையோ வேலையிடத்தில் பட்ட காயத்தையோ அந்த மேஸ்திரி முன்னால் எந்தப் பெண் மனம்விட்டுச் சொல்வாள்?

அமெரிக்காவில் இதே குறையை ஒரு குடியேறிய செவிலியர் கண்டார். பனாமாவில் 1920இல் பிறந்த இல்தௌரா முரியோ-ரோடே, 1945இல் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவுக்கு வந்தார். ஸ்பானிய மொழி பேசுவோர் நிறைந்த அந்த நகரில், அவர்களிடமிருந்தே வந்த செவிலியர் மிகச் சிலர். மனநலச் செவிலியரான அவர் பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அரசின் கல்வி, ஆராய்ச்சி நிதிக் குழுக்களிலும் தம் இனத்துச் செவிலியர் இல்லாததைக் கண்டு, 1975இல் அவர்களுக்கென தேசியச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே 2020 கணக்கெடுப்பின்படி லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 6.2 கோடிப் பேர். கட்டில் அருகே நிற்பவர் மட்டும் அவர்களில் ஒருவராக இருந்தால் போதாது, திட்டம் தீட்டும் இடத்திலும் அவர்கள் உட்கார வேண்டும் என்பதே அந்தச் சங்கத்தின் அடிப்படை.

இங்கும் அதற்கு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுசேர்க்க உள்ளூர்ப் பெண்களையே தன்னார்வலராக்கியது. சூளைகளிலும் கட்டடத் தளங்களிலும் ஒடியா, இந்தி பேசும் பெண்களை அவ்வாறே பயிற்றுவிக்கலாம். ஜவ்வாது மலைப் பழங்குடிப் பெண்களும் இருளர் பெண்களும் செவிலியர் படிப்பை முடிக்கும்வரை விடுதியும் உதவித்தொகையும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். படித்து வந்தவர்களுக்கு மாவட்ட சுகாதாரத் திட்டக் கூட்டங்களில் இடம் தர வேண்டும்.