சுற்றுச்சூழல் அனுமதி மனுவும் கெடு நாட்களும்

கிராமத்திற்கு அருகில் பெரிய சுரங்கமோ இரசாயனத் தொழிற்சாலையோ அமைக்க ஒருவர் சுற்றுச்சூழல் அனுமதி கோரினால், அம்மனு எப்பொழுது முடிவாகும் என்பது மனுதாரருக்கு மாத்திரம் உரிய கவலையன்று. கிணற்றையும் வாய்க்காலையும் நம்பிப் பயிரிடும் அண்டை நிலத்தாருக்கும் அதில் பாத்தியதை உண்டு. குடிகளுக்கென விதிக்கப்பட்ட நாட்களும் இக்கணக்கில் அடங்கியிருக்கின்றன. அவற்றை அறியாதவர் அவற்றை இழந்துவிடுவர்.

இவ்வனுமதிக்கு ஆதாரமானது, 1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2006-ம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி இந்திய சர்க்கார் பிறப்பித்த அறிவிக்கையாகும். பெரிய வேலைகளை மத்திய மந்திரி இலாகாவும், மற்றவற்றை மாநில அதிகார சபையும் தீர்மானிக்கின்றன. அவ்வறிவிக்கை வகுத்த படிகளாவன:—

1. ஆராய்ச்சி வரம்பு.— எவ்வெவற்றை ஆராய வேண்டுமென்று மனுதாரருக்கு 60 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பின்னர் அவர் காற்று, நீர், மண் ஆகியவற்றின் நிலையைச் சாதாரணமாக மழைக்காலம் நீங்கலான ஒரு பருவம் முழுவதும் அளந்து அறிக்கை தயாரிக்கிறார். மழை குறுக்கிட்டால் இவ்வேலை பின்தள்ளும். இக்காலம் சர்க்காரின் கெடுவில் சேராது.

2. பகிரங்க விசாரணை.— இதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 45 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு அவசியம். சில வகை வேலைகளுக்கு இவ்விசாரணை கிடையாது.

3. பரிசீலனை.— நிபுணர் கமிட்டி 60 நாட்களில் பரிசீலிக்க வேண்டும்; முடிவான உத்தரவு 105 நாட்களுக்குள் பிறக்க வேண்டும். இந்த 105 நாள், இறுதி அறிக்கை சேர்ந்த தினத்திலிருந்து எண்ணப்படுவதேயன்றி முதல் மனுக் கொடுத்த தினத்திலிருந்து அன்று.

கெடுவுக்குள் உத்தரவு வாராவிடில், கமிட்டியின் சிபாரிசு எதுவோ அதன்படியே அனுமதி கிடைத்ததாகவோ மறுக்கப்பட்டதாகவோ கொள்ளலாமென்று அறிவிக்கை கூறுகிறது. ஆதலால் தாமதமே தங்களுக்குக் காவல் என்று குடிகள் வாளாவிருத்தல் தகாது. பின்னர் வந்த திருத்தங்களால் சில கெடுக்கள் மாறியுள்ளமையின், நடப்பு விவரத்தை வாரியத்தின் ஜில்லா அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

குடிகளுக்கு முக்கியமானது மேற்சொன்ன 30 நாளே. 2020-ம் வருஷத்து வரைவு ஒன்றில் இதனை 20 நாளாகக் குறைக்க யோசனை கூறப்பட்டது என்பதிலிருந்தே இதன் அருமை விளங்கும். இந்நாட்களில் வரைவு அறிக்கை கலெக்டர் கச்சேரியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படும். தங்கள் கிணறுகளின் நீர்மட்டம், வாய்க்கால் செல்லும் வழி, சாகுபடியாகும் பயிர், சர்வே நம்பர் ஆகியவை அதில் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று நிலச் சொந்தக்காரர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிழையிருப்பின் எழுத்து மூலம் அனுப்பலாம். விசாரணையில் நேரிலும் கூறலாம். பொதுவாக ‘வேண்டாம்’ என்பதைவிட, அளவோடு கூறும் ஆட்சேபத்திற்கு மனுதாரர் விடை கூறுவது தவிர்க்க முடியாததாகும்.

பத்திரிகை எட்டாத இடங்களில் முரசறைந்தும் வானொலி மூலமும் விசாரணையைத் தெரிவிக்க வேண்டுமென்பதும் விதி. கிராம உத்தியோகஸ்தர்கள் அறிவிப்புக் கிடைத்த அன்றே அதைப் பொது இடத்தில் ஒட்டி, ஒலிபெருக்கியில் வாசிக்கச் செய்வார்களாயின் 30 நாளும் குடிகளுக்கு முழுமையாகப் பயன்படும்.

அனுமதி வழங்கப்பட்ட பின்னரும், உத்தரவு தெரிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் 2010-ம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் அப்பீல் செய்யலாம். தக்க காரணமிருப்பின் மேலும் 60 நாள் வரை ஏற்கப்படும். தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

குடியானவரின் சொந்த வேலைகளைப் பற்றி வீண் அச்சம் வேண்டுவதில்லை. பாசனக் கிணறு வெட்டுதல், வெள்ளத்தால் வயலில் படிந்த மணலை அகற்றுதல், ஊர்ப் பொதுவேலையாகக் குளம் தூர்வாருதல் ஆகியவற்றிற்கு இவ்வனுமதி தேவையில்லை என்று 2016-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதித் திருத்தம் விலக்களித்தது. எனினும் பிற இலாகாக்களின் அனுமதி வேறு. அதைத் தாசில்தாரிடம் கேட்டறிந்த பின்னரே மண்வெட்டியை எடுத்தல் வேண்டும்.