திராட்சைக் கொடியும் கவாத்தும்

வீட்டுத் தோட்டத்தில் திராட்சை வைத்தவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, கொடி பந்தலை மூடிப் படர்ந்தும் காய் காணவில்லை என்பதே. அக்கொடியை நாம் வெட்டத் தயங்கியதே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

குளிர் தேசங்களில், பனிக்காலம் வந்ததும் இலைகளையெல்லாம் உதிர்த்து உறங்கி, வசந்தத்தில் மொட்டுடைத்துப் பூங்கொத்துகளோடு எழுவது திராட்சையின் சுபாவம். நம் உஷ்ண பூமியிலோ அவ்வுறக்கம் அதற்கு வாய்ப்பதில்லை. ஆண்டு முழுதும் பச்சையாகவே நின்று நுனியில் மட்டும் நீண்டுகொண்டே போகும். ஆகவே பனி செய்யும் காரியத்தை இங்கே கத்தி செய்ய வேண்டியிருக்கிறது. இதுவே கவாத்து. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சையைக் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகள் ஆண்டில் இருமுறைக்குக் குறையாமல் அறுப்பது இதனால்தான். வீட்டுக்கும் அந்த வகையே உசிதம்.

வேர்விட்ட குச்சியை ஆனி, ஆடியில் நட்டு, ஒரே தண்டாகப் பந்தல் உயரத்துக்கு ஏற்றி, நுனியைக் கிள்ளி, இரு கிளைகளாகப் பிரித்துப் படரவிட வேண்டும். கொம்புகள் முற்றிப் பழுப்பேறிய பின், சில நாள் நீரை நிறுத்தி, தடித்த கொம்பில் நான்கு மொட்டும் மெலிந்ததில் இரண்டுமாக விட்டு மற்றதை நறுக்கிவிடலாம். வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை; அது வேர் விழித்திருப்பதன் அடையாளம்.

இக்கொடியில் என்னை மிகவும் வியக்கவைப்பது, பூங்கொத்தும் பற்றுச்சுருளும் ஒரே கருவின் இரு வடிவங்கள் என்பது. வெயில் நன்றாகப் பட்ட மொட்டினுள் அக்கரு பூங்கொத்தாக உருவாகிறது. அடர்ந்த நிழலில் கிடந்ததிலோ வெறும் பற்றுச்சுருளாகவே நின்றுவிடுகிறது. சில வேளை சுருளின் நுனியில் இரண்டொரு காய்கள் தொங்குவதையும் காணலாம். அடுத்த போகத்தின் பூ இப்போதைய கொம்பின் மொட்டுக்குள்ளேயே ரகசியமாகத் தீர்மானமாகிவிடுவதால், நெருங்கிய தளிர்களைக் களைந்து பந்தலுக்குள் வெளிச்சம் புகவிடுவது அவசியம்.

கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதங்களில் குலை பழுக்கும். மாம்பழத்தைப்போல் இதைப் பறித்து வைத்துப் பழுக்கவிட இயலாது. நிறம் கருத்ததை மட்டும் நம்பாமல், குலையின் அடிநுனிப் பழத்தைச் சுவைத்துப் பார்த்து, அதுவும் இனித்த பிறகே காம்பை நறுக்க வேண்டும்.